இளஞ்சிவப்பாகத் தெரிந்த கிருமி

மைக்ரோபயாலஜி லேபில் பயிற்சிக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு சீழ் மாதிரியை நம்பி என் கையில் கொடுத்தார்கள். கிருமி வளர்க்கும் பிளேட்டுகளான பிளட் ஆகரிலும் (ரத்தம் கலந்தது) மெக்கான்கி ஆகரிலும் கம்பி லூப்பால் இழுத்து, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் பிளட் ஆகரில் லேசான மஞ்சள் காலனிகள். சுற்றிலும் ரத்தம் கரைந்த வளையம். மெக்கான்கியில் ஒன்றுமே இல்லை.

அந்த வெறும் பிளேட்டே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. அதிலுள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் கிராம் பாசிட்டிவ் கிருமிகளைப் பெரும்பாலும் வளரவிடாது. எனக்குத்தான் உறைக்கவில்லை. கிராம் ஸ்டெயின் என்ற சாயச் சோதனை போட்டேன். அதில் கிராம் பாசிட்டிவ் ஊதாவாகவும் கிராம் நெகட்டிவ் இளஞ்சிவப்பாகவும் தெரியும். கொத்துக் கொத்தாக உருண்டைகள், நிறமோ இளஞ்சிவப்பு. "கிராம் நெகட்டிவ் காக்கை" என்று நோட்டில் எழுதியும் விட்டேன். (பறவை இல்லை, உருண்டைக் கிருமிகளை எங்கள் லேபில் அப்படித்தான் சொல்வோம்.)

சீனியர் மேடம் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "ஆல்கஹால் எவ்வளவு நேரம் விட்டீங்க?" என்றார்.

"ஒரு நிமிஷம், மேடம்."

கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம் என்று வந்த வேகத்தில் ஆல்கஹாலையும் அதே கணக்கில் விட்டிருக்கிறேன். அதற்குச் சில நொடிகள்தான். வழிவதில் ஊதா நின்றதுமே கழுவிவிட வேண்டும். மீறினால் ஊதா மொத்தமும் போய், கடைசியில் ஊற்றும் சாஃப்ரனின் ஏறிக்கொள்ளும். சாயம் சரியாக ஏறுகிறதா என்று ஒப்பிட, ஏற்கெனவே தெரிந்த இரண்டு கிருமிகளையும் ஸ்லைடின் ஓரத்தில் வைத்து மறுபடி போட்டேன். நல்ல ஊதா, திராட்சைக் கொத்தேதான்.

அப்புறம் கேட்டலேஸ் சோதனை. அந்த நொதி உள்ள கிருமி ஹைட்ரஜன் பெராக்சைடில் நுரைக்கும். பிளட் ஆகரிலிருந்து எடுக்கும்போது ஆகர் ஒட்டி வந்தால் ரத்த அணுக்களே நுரை கிளப்பி ஏமாற்றும். நுனியில் மட்டும் தொட்டெடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்ததும் குபுகுபுவென்று நுரைத்தது. அப்படியானால் இந்த நொதி இல்லாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை இல்லை, சரி.

கிருமி பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்க்கும் கோயாகுலேஸ் சோதனைக்குத்தான் பொறுமை வேண்டும். முயல் பிளாஸ்மாவில் கலந்த டியூபை நாலு மணி நேரம்வரை அவ்வப்போது மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும், குலுக்கவே கூடாது. சில ரகங்கள் கட்டியைத் தாங்களே கரைத்துவிடும் என்பதால், மறுநாள் மட்டும் பார்த்தால் நெகட்டிவ் என்று எழுதிவிடுவோம். மூன்றாவது மணியில் சாய்த்தேன். பிளாஸ்மா ஜெல்லியாக உறைந்து அப்படியே நின்றது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க அன்றே மருந்து ஊறிய டிஸ்குகள் வைத்தோம்.

நோட்டில் அந்தக் 'காக்கை' வரியைக் கிறுக்கி மறைக்கப் போனேன். மேடம் விடவில்லை. படிக்கும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட வைத்தார்.