மயூர் விகார் ஃபிளாட்டில் ஈ.ஆர்.வி. பொருத்திய கதை

டெல்லியில் நவம்பர் வந்தால் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவோம். மே, ஜூனில் ஏ.சி.க்காகச் சாத்துவோம். வருஷத்தில் பாதிக்கு மேல் எங்கள் மயூர் விகார் ஃபிளாட் மூடியே கிடக்கும். ஏர் பியூரிஃபயர் இருந்தது. ஆனால் அது தூசியைத்தான் பிடிக்கும். நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடை ஒன்றும் செய்யாது. ஒரு மீட்டர் வாங்கிப் படுக்கையறையில் வைத்தேன். வெளிக்காற்றில் 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) சுமாருக்கு இருப்பது, மூன்று பேர் கதவைச் சாத்திப் படுத்த அறையில் விடியற்காலை 2,000-ஐத் தாண்டியிருந்தது. "பியூரிஃபயர் ராத்திரி பூரா ஓடுதே, அப்புறம் ஏங்க காலையில தலை கனக்குது?" என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்ததற்கு விடை கிடைத்தது.

ஜன்னலைத் திறக்காமல் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே கொண்டுவந்து, உள்காற்றை வெளியே தள்ளும் கருவி வேண்டும் என்று புரிந்தது. அப்படி, வெளியேறும் காற்றிலிருந்து வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவிகளில் எச்.ஆர்.வி., ஈ.ஆர்.வி. என்று இரண்டு உண்டு. உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் கலக்காமல், மெல்லிய தகடுகளின் இரண்டு பக்கமும் கடந்து போகும், வெப்பம் கைமாறும். ஈ.ஆர்.வி.யில் ஈரமும் கைமாறும். டெல்லியின் ஆகஸ்ட் புழுக்கத்துக்கு அதுதான் சரி. இல்லாவிட்டால் வெளியிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் ஏ.சி.தான் பிழிய வேண்டும். வெளியே 44 டிகிரி, உள்ளே 26 என்றால், 70 சதவீதம் வெப்பத்தை மீட்கும் கருவி வழியாக வரும் காற்று 31 டிகிரி வாக்கில் நுழையும்.

கரண்ட் பில் குறையும் என்று விற்பவர்கள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து ஏ.சி. போடுபவருக்கு அது மிச்சம். மூடியே வைத்திருந்த எங்களுக்கு விசிறி ஓடும் செலவு கூடத்தான் செய்யும். நான் காசு கொடுத்தது காற்றுக்கு.

கொட்டேஷன் கொடுத்த எல்லோரும் 150 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 150 கன அடி காற்று) என்றே போட்டிருந்தார்கள். "ஹெப்பா ஃபில்டரும் டக்டும் சேர்ந்தப்புறம் எவ்வளவு வரும்?" என்று கேட்டால் பேச்சு மாறியது. ஹெப்பா என்பது நுண்ணிய தூசியையும் பிடிக்கும் அடர்த்தியான ஃபில்டர், டக்ட் என்பது காற்றைக் கொண்டுபோகும் குழாய். ஃபில்டர் அடர்த்தியாக ஆக, காற்று தடைபடும்; விசிறிக்கு அதைத் தள்ளும் தெம்பு வேண்டும். ஒருவர் மட்டும் அழுத்தத்துக்கு ஏற்பக் காற்றின் அளவு எப்படி இறங்கும் என்ற வரைபடத்தை எடுத்துக் காட்டினார். வேலையை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

வெளிச்சுவரில் ஓட்டை போட சொசைட்டி அனுமதி வேண்டும். தூண், பீம் எதையும் தொடவில்லை என்று படம் வரைந்து கொடுத்ததும் செயலாளர் கையெழுத்துப் போட்டார். செப்டம்பரிலேயே முடித்துவிட்டோம், குளிர்காலத்தில் மாசு ஏறி, கிராப் என்ற அரசின் மாசுக் கட்டுப்பாடு வந்தால் துளைபோடும் வேலையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.

கோர் கட்டிங், அதாவது சுவரில் வட்டத் துளை போடுவது, பார்க்க வேண்டிய காட்சி. வைர முனை சுற்றச் சுற்ற, தண்ணீரோடு செங்கல் கரைந்து சிவப்புக் குழம்பாகச் சுவரில் வழிந்தது. பிளாஸ்டிக் விரிப்பை டேப்பால் ஒட்டி, அடியில் பக்கெட் வைத்திருந்தும் சோபா வரை தெறித்தது. மழைநீர் உள்ளே வராதபடி துளையை லேசாக வெளிப்பக்கம் சரித்தார்கள். காற்று எடுக்கும் வாயையும் விடும் வாயையும் பத்தடி தள்ளி வைத்தோம். எடுக்கும் வாய்க்கு முதலில் குறித்த இடம் கீழ்வீட்டுச் சமையலறைக்கு நேர் மேலே இருந்தது. கடுகெண்ணெய் வாசனையோடு தூங்க விருப்பமில்லை என்று மாற்றச் சொன்னேன். எங்கள் சமையலறையையும் இதில் இணைக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே போனால் கருவி பாழ். அதற்குத் தனி சிம்னி.

கடைசி வேலை பாலன்சிங். காற்று வந்துபோகும் ஒவ்வொரு கிரில்லிலும் அனிமோமீட்டர் (காற்றின் வேகம் அளக்கும் கருவி) பிடித்து அளந்து, வெளியேறுவதைவிட உள்ளே வருவது சற்றே கூடுதலாக இருக்கும்படி வைத்தார்கள். அப்போதுதான் கதவிடுக்கு வழியாகப் புகை நுழையாது. படுக்கையறையில் மட்டும் விசில் மாதிரி ஒரு சத்தம். ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து, சுருங்கிக் கிடந்த ஃபிளெக்ஸிபிள் டக்டை நன்றாக இழுத்துக் கட்டியதும் அடங்கியது.

இப்போது விடியற்காலையில் மீட்டர் 900-ஐ ஒட்டி நிற்கிறது. முன் ஃபில்டரை மற்ற மாதங்களில் எப்போதாவது கழுவினால் போதும். நவம்பரில் வாரம் தவறாமல் கழுவுகிறேன், கரித்துணி மாதிரி கறுத்துப் போகிறது.

மாடி வீட்டு மாமி, ஃபால்ஸ் சீலிங் இல்லாத தன் வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். சுவரில் ஒரே துளையில் பொருத்தும் சின்னக் கருவிகள் இருக்கின்றன. செராமிக் உருளை வழியாகக் கொஞ்ச நேரம் காற்றை வெளியே விட்டு, கொஞ்ச நேரம் உள்ளே இழுக்கும். ஆனால் பலவற்றில் ஃபில்டர் மெல்லியது, பி.எம். 2.5 என்னும் மிக நுண்ணிய தூசிக்குப் போதாது. எந்தத் தர ஃபில்டர் பொருந்தும், அதைப் போட்டபின் எவ்வளவு காற்று வரும் என்று எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீங்க மாமி என்று சொல்லியிருக்கிறேன்.