தொப்பிக்கார அமைச்சர்

இஸ்தான்புல் காரியே பள்ளிவாசலின் உள்வாசலுக்கு மேலே இன்று அண்ணாந்து பார்த்தேன்.

வண்ணச் சில்லுகள் பதித்த மொசைக் ஓவியத்தில் ஒருவர் மண்டியிட்டு, இதே கட்டடத்தின் சிறு உருவை இயேசுவிடம் நீட்டுகிறார். தலையில் பூசணிக்காய் அளவுக்குத் தொப்பி. ஆண்டவர் முன்னால்கூடக் கழற்றவில்லை!

தியோடர் மெட்டோகிட்டஸ், பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசரின் முதன்மை அமைச்சர். கோரா மடத்துத் தேவாலயமாக இருந்த இதை 1321க்குள் புதுப்பித்தவர்.

1328இல் பேரரசர் வீழ்ந்தார். இவருடைய சொத்து போனது, நாடு கடத்தினார்கள். கடைசியில் இதே மடத்தில் துறவியாக ஒதுங்கி, 1332இல் கண்ணை மூடினார். கொடுத்த இடமே அடைக்கலம் தந்தது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிவாசல், 1958இல் அருங்காட்சியகம், 2024இல் மறுபடி தொழுகை.

யாருக்குச் சொந்தம் என்ற சண்டை ஓயவில்லை. எனக்கோ, படங்களை மூடி வைத்தாலும் ஒரேயடியாகக் கொத்தி எறியாமல் விட்டவர்கள் மீதுதான் மரியாதை.