சியாமெனில் கேட்ட சொற்பொழிவுகள்

தென்கிழக்குச் சீனக் கடற்கரை நகரமான சியாமெனுக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீடு பார்ப்பது, வங்கிக் கணக்குத் தொடங்குவது, காய்கறிக்காரருக்குக் கைப்பேசியிலேயே பணம் செலுத்துவது எல்லாம் இரண்டு மாதங்களில் பழகிவிட்டன. ஊர்தான் ஒட்டவில்லை. சீன வரலாறு, கலை, பொருளாதாரம் குறித்துப் பொதுமக்களுக்காக நடத்தப்படும் சனிக்கிழமைச் சொற்பொழிவுகளுக்குப் போகத் தொடங்கிய பிறகே அது மெல்ல ஒட்டத் தொடங்கியது.

என் மாண்டரின் அரைகுறை. ஆனால் பினாங்கில் வளர்ந்தவள் என்பதால் ஹொக்கியன் சிறுவயதிலிருந்தே காதில் விழுந்த மொழி. பிபா என்னும் நரம்பு வாத்தியத்தை மடியில் படுக்கவைத்து மீட்டும் நான்யின் இசை மரபைப் பற்றிப் பேச வந்த முதிய பேராசிரியர், இடையிடையே, பினாங்கில் நாங்கள் ஹொக்கியன் என்று சொல்லும் உள்ளூர் மின்னான் மொழிக்குத் தாவி வேடிக்கையாக ஏதேனும் சொல்வார். வடக்கிலிருந்து படிக்க வந்திருந்த மாணவர்கள் விழித்துக்கொண்டிருக்க, ஊர்ப் பாட்டிகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பக்கத்து இருக்கை மூதாட்டி தம் குடுவையிலிருந்து ஊற்றி நீட்டியபடி "தே" என்றார். மாண்டரினில் அது 'சா'. நாம் தேயிலை என்று சொல்வதில் இருக்கும் 'தே' இந்தக் கரையிலிருந்து கப்பலேறியது என்று அப்போதுதான் உறைத்தது.

1980-இல் இந்நகர் சிறப்புப் பொருளாதார மண்டலமானதைப் பற்றிய உரைகள் வெறும் எண்களாகக் கடந்துபோயின. மனத்தில் நின்றது டான் கா கீ பற்றிய உரை. இந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1890-இல் சிங்கப்பூர் சென்று, அன்னாசிப்பழத்திலும் ரப்பரிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு 1921-இல் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவர். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிய, 1934-இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. 1937-இல் பல்கலைக்கழகத்தை அரசிடம் ஒப்படைத்தார். திரையில் செங்குத்தாக இறங்கிய அந்த விலைக் கோட்டைப் பார்த்தபோது, மலாயா ரப்பர்த் தோட்டத்தில் ஆள் குறைத்துத் தம் தந்தையை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டதாகப் பாட்டி சொன்ன கதை நினைவுக்கு வந்தது. சீன முதலாளிகளின் தோட்டங்களில் பெரும்பாலும் சீனர்களே மரம் சீவினார்கள். கொள்ளுத்தாத்தா வேலை செய்ததோ வெள்ளைக்காரத் தோட்டத்தில். எனவே அவருடைய வியர்வையில் இந்தப் பல்கலைக்கழகக் கட்டடங்கள் எழுந்தன என்று சொந்தம் கொண்டாட முடியாது. ஒரே விலைச் சரிவு இருவரையும் சாய்த்தது என்பது மட்டுமே உண்மை. எழுந்து அதைச் சொன்னேன். பேச்சாளர் குறித்துக்கொண்டார்.

பிறகு, சியாமெனுக்கு அருகிலுள்ள பழைய வணிக நகரான குவான்சோவின் துறைமுகம் பற்றிய உரை வந்தது. அங்குள்ள கையுவான் கோவிலின் முதன்மை மண்டபத்துக்குப் பின்புறம், கண்ணன் கதைகள் செதுக்கிய இரு தூண்கள் நிற்பதைக் கூட்டத்தில் பலரும் நேரில் பார்த்திருந்தனர். சகாப்தம் 1203, அதாவது 1281-ஆம் ஆண்டுச் சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்பவர் அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியக் கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளுவித்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டின் படத்தையும் பேச்சாளர் காட்டினார். புள்ளியில்லாத அந்த எழுத்துகளை நான் தட்டுத்தடுமாறித்தான் படித்தேன். கானின் 'உடம்பு' என்று அவர் மொழிபெயர்த்த இடத்தில் கல்லில் இருப்பது 'திருமேனி'. தெய்வத்துக்கும் அரசருக்கும் வழங்கும் அச்சொல்லை, கடல் கடந்த ஒரு வணிகத் துறைமுகத்தில் அந்நிய மன்னனுக்குச் சூட்டிய அந்த மனிதரின் சாமர்த்தியத்தை மாண்டரினில் விளக்கத் தொடங்கிப் பாதியில் சொல் கிடைக்காமல் ஹொக்கியனுக்கு மாறினேன். கல் என்பதற்குப் பினாங்கில் நாங்கள் மலாயிலிருந்து எடுத்துக்கொண்ட 'பாத்து' வாயில் வந்துவிட, அரங்கில் யாருக்கும் விளங்கவில்லை.

தேநீர் தந்த மூதாட்டி மட்டும் முடிந்ததும் அருகில் வந்து, அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். "தி-லு-மே-நி" என்று இருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தார்.