ஜவுளிக்கடையில் ஒன்பது கிறிஸ்துமஸ்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். முதல் ஆறு வருஷம் குழந்தைகள் செக்ஷன், அப்புறம் பில்லிங். கடைப் பெயர் வேண்டாம். எங்களுக்கு வருஷம் என்பதே நாலு சீசன்தான்: ஆடித் தள்ளுபடி, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல். தீபாவளிக் கூட்டம் வடிந்த மறுவாரமே மாடி குடோனிலிருந்து தெர்மாகோல் குடிலும், காது ஒடிந்த களிமண் கழுதையும், வெள்ளிக் காகித ஸ்டார்களும் கீழே இறங்கிவிடும். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கமிருந்தெல்லாம் வேன் பிடித்துக் குடும்பத்தோடு துணி எடுக்க வருவார்கள்.

நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் ஊரில் சர்ச்சுக்குப் போவதைக்கூட 'கோயிலுக்குப் போறேன்' என்றுதான் சொல்வோம். பேக்கிங்கில் ஓர் அண்ணன் இருந்தார், பெந்தெகொஸ்தே சபை. கடையில் எல்லோரும் அண்ணே, யக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க அவர் மட்டும் பிரதர், சிஸ்டர். டிசம்பர் பிறந்தால் அவருக்கு என்னைப் பார்த்துப் பரிதாபம் வந்துவிடும். “சிஸ்டர், பைபிள்ல எங்க டிசம்பர் 25ன்னு போட்டிருக்கு? அது ரோமாக்காரன் சூரிய சாமிக்குக் கும்பிட்ட நாளு. மரம் வைக்கக் கூடாதுன்னு எரேமியா பத்துலயே இருக்கு. பாத்தீங்கள்ல, கடைசில யாருக்கு லாபம்? அண்ணாச்சிக்கு.” அண்ணாச்சி என்றால் எங்கள் முதலாளி.

முதல் இரண்டு வருஷம் பதில் தெரியாமல் சிரித்து வைத்தேன். அப்புறம் ரோஷம் வந்து, எங்கள் ஐயரிடம் கேட்டும் கிடைத்ததைப் படித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். (போதகரை ஐயர் என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான்.) அண்ணன் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. ரோமப் பேரரசன் ஆரேலியன் 274இல் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் கட்டி அரசு வழிபாடாக்கினான். 354இல் ரோமில் தொகுத்த ஒரு நாட்குறிப்பில் டிசம்பர் 25க்கு நேரே 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள்' என்று இருக்கிறது. ஆனால் அதே தொகுப்பின் இன்னொரு பட்டியலில், அதே தேதியில், கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார் என்றும் இருக்கிறது. இன்னொரு கணக்கும் உண்டு. இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று பழைய கிறிஸ்தவர்கள் சிலர் நம்பினார்கள், கருவில் வந்ததும் அதே தேதியில்தான் என்று வைத்து, ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25 வந்து நிற்கிறது. யார் யாரிடம் எடுத்தார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. பைபிளில் எரேமியா தீர்க்கதரிசி திட்டுவது மரத்தை வெட்டிச் செதுக்கி, வெள்ளியும் பொன்னும் பூசிச் சாமியாக வைப்பதை. நாங்கள் ஊரில் மணல் வாளியில் நட்டு வைப்பது சவுக்குக் கிளை, அதை யாரும் கும்பிட்டதாக எனக்குத் தெரியாது.

சரி, அண்ணன் சொல்வதே முழுக்க உண்மை என்று வைத்துக்கொள்வோம். தேதி கடன் வாங்கியதுதான். அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, ஒருநாள் டீ நேரத்தில் கேட்டேவிட்டேன். “அண்ணே, உங்க சபையில வெள்ளிக்கிழமை என்ன ஆராதனை?” “அபிஷேக ஆராதனை சிஸ்டர்.” “அபிஷேகம் முதல்ல எங்க நடந்துச்சு? நெல்லையப்பர் கோயில்லதான?” அண்ணன் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தமிழில் கிறிஸ்தவன் வாயைத் திறந்தாலே கடன் வாங்கிய சொல்தான். தேவன், வேதம், ஜெபம், உபவாசம், ஸ்தோத்திரம், ஆராதனை, எதுவும் கப்பலில் வரவில்லை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த மிஷனரி சீகன்பால்கு தன் பைபிள் மொழிபெயர்ப்பில் கடவுளை சர்வேசுரன் என்று எழுதினார், பின்னால் வந்த பெப்ரீஷியஸ் பராபரன் என்றார், இன்று நாங்கள் கையில் வைத்திருக்கும் பைபிளில் தேவன். மூன்றுமே இந்த மண்ணில் வேறு சாமிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த பெயர்கள். எங்கள் அம்மா கழுத்தில் கிடப்பது சிலுவை போட்ட தாலி. வாரா வாரம் நாங்கள் கூடுவதே ஞாயிற்றுக்கிழமை, அதாவது சூரியன் கிழமை. இதையெல்லாம் கழுவித் துடைத்துவிட்டு ஜெபிக்க உட்கார்ந்தால் நமக்குத் தெரிந்த பாஷையில் ஒரு வார்த்தை மிஞ்சாது. தினமும் வாயில் வைத்துக்கொள்கிற சொல்லில் இல்லாத தீட்டு வருஷத்துக்கு ஒருநாள் வருகிற தேதியில் மட்டும் எப்படி ஒட்டிக்கொள்ளும்?

கிறிஸ்துமஸைச் சுத்தம் பண்ணப் பார்த்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கெடுபிடியான கிறிஸ்தவர்கள் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். விருந்து வைப்பது மட்டுமல்ல, அன்றைக்கு வேலை செய்யாமல் இருப்பதும் குற்றம். 1681இல்தான் அதை எடுத்தார்கள். இதைப் படித்தபோது எங்கள் ஃப்ளோர் மேனேஜர் ஞாபகம்தான் வந்தது, அந்தச் சட்டம் அவர் கைக்குக் கிடைக்காமல் போனதே என்று.

ஏனென்றால் வியாபாரத்தைப் பற்றி எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு, அது அண்ணனுடைய எரிச்சல் இல்லை. டிசம்பர் 24 ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் ஷட்டர் இறங்கும். கேரல் ரவுண்ட்ஸ் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை. காலையில் ஒன்பதரைக்கு நின்றால் நின்றதுதான், கால் வீங்கி செருப்பு நுழையாது. 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள், அதற்குப் பிறகுதான் எங்கள் செக்ஷனுக்கு இரண்டு ஸ்டூல் வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பையன், சுடலைமாடனுக்கு நேர்ந்து முடி வளர்த்திருந்தான். அந்தச் சிவப்பு வெல்வெட்டுக்குள் வியர்த்து ஊற்ற, பிளாஸ்டிக் முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு மிட்டாய் கொடுப்பான். பிள்ளைகள் பாதி பயந்து அழும்.

ஆனாலும் அந்த 24ஆம் தேதிகளில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. பத்தேமுக்கால் இருக்கும். ஓர் அம்மா, பீடி சுற்றுகிறவர், புகையிலை வாசம் துணியிலேயே இருந்தது. கூட ஆறு வயசுப் பிள்ளை. அன்றைக்குத்தான் கூலி கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை நெட் வைத்த ஃபிராக், பிள்ளைக்கு 24 சைஸ் சரியாக இருந்தது, அவர் 28 கேட்டார். “அடுத்த வருஷமும் போடணும்லாம்மா.” நெஞ்சில் பிடித்துத் தைக்கலாமா, இடுப்பை உள்ளே தைத்து அப்புறம் பிரிக்கலாமா என்று விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் விட்டிருப்பதை விரலால் அளந்தார். தாத்தா வேஷத்தையோ ஸ்டாரையோ அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. விடியற்காலை நாலரை ஆராதனைக்குப் பிள்ளை புதுத்துணியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

பேக்கிங்கில் அண்ணன் அந்த ஃபிராக்கை டிஷ்யூ பேப்பரில் மடித்தார். பொதுவாக அதெல்லாம் மூவாயிரத்துக்கு மேல் பில் போட்டால்தான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்று. மூன்று மணிநேரம் தூங்கி எழுந்து கோயிலில் உட்கார்ந்திருந்தேன். லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசித்தார்கள், ‘பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்’ என்று வந்தது. சின்ன வயசிலிருந்து கேட்ட வசனம், அன்றைக்குத்தான் அதில் துணி இருப்பது காதில் விழுந்தது. கடவுள் உடம்போடு வந்தார் என்று நம்புகிறவர்கள் நாங்கள். உடம்போடு வந்தால் துணி வேண்டும், பால் வேண்டும், இடம் வேண்டும், யாராவது கடையில் போய் நிற்க வேண்டும். வியாபாரம் ஓரமாக வந்து ஒட்டத்தான் செய்யும். அதற்காகப் பிள்ளை பிறந்ததைக் கொண்டாடாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

26ஆம் தேதி டிபன் பாக்ஸில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொண்டுபோனேன். அண்ணனுக்கு நீட்டத் தயங்கி, பிறகு நீட்டினேன். “சிஸ்டர், 31 ராத்திரி எங்க சபையில வருஷப் பிறப்பு ஆராதனை, நீங்க வரணும்” என்றபடியே ஒரு முந்திரிக்கொத்தை எடுத்தார். ஜனவரியே ஜானஸ் என்ற ரோமாக்காரச் சாமி பெயர்தானே அண்ணே என்றேன்.

“அது வேற சிஸ்டர்” என்றார், இரண்டாவதை எடுத்துக்கொண்டே. “இது கிறிஸ்துமஸ் பலகாரம் இல்லையே? 26ஆம் தேதிப் பலகாரந்தான?”