மணி எங்கடே போச்சு?

பாறசாலைப் பக்கம், கேரள எல்லைக்குள் எங்கள் வீடு. சாமான் வாங்கத் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைக்குத்தான் போவோம். அப்பா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட புரைதான் இன்றைக்கு என் ஸ்டூடியோ. மழைக்காலத்தில் அந்தப் புகை வாடை இன்னும் சுவரிலிருந்து இறங்கும். பாட வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

அதற்கு முன்பு சென்னை. 1996-இல் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். இரண்டங்குல டேப், 24 டிராக். நொடிக்கு 30 அங்குலம் ஓடவிட்டால் ஒரு ரீல் பதினாறு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பாடகர் இருமினால்கூட எல்லாரும் என்னைத்தான் முறைப்பார்கள். முதல் வருஷம் முழுக்கப் பஞ்சை ஆல்கஹாலில் நனைத்து டேப் ஹெட் துடைத்தேன். கம்ப்யூட்டர் வந்த பிறகு வேலை மெலிந்தது. கடைசி இடத்தில் எட்டு மாசச் சம்பளம் பாக்கி. அதைப் பேசி என்ன ஆகப்போகிறது?

ஊரில் கிடைத்த முதல் உருப்படியான வேலை வில்லுப்பாட்டு. கோயில் கொடைத் திருவிழாக் காலம் முடிந்த கையோடு ஒரு அண்ணாவி, அதாவது வில்லடித்துப் பாடும் தலைவர், தன் குழுவோடு வந்தார். வில், உடுக்கு, குடம், ஜால்ரா, கட்டை. ஆளுக்கொரு மைக் வைத்தேன். வீசுகோல் நாணில் விழும்போதெல்லாம் வில்லில் கட்டிய மணிகள் அவர் குரல் மைக்கிலேயே கொட்டின. ராத்திரி முழுக்க, சத்தத்தின் கீச்சையும் கனத்தையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் மேல்சத்தத்தை வெட்டி வெட்டி மணியை ஒழித்தேன். மறுநாள் கேட்டவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

“எனக்க வில்லுக்க மணி எங்கடே போச்சு? அதுகூடச் சேந்து வார்த்தையும் போச்சே மக்களே.”

உண்மைதான். சகரமெல்லாம் மழுங்கி, வாயில் துணி வைத்துப் பாடியது போல இருந்தது.

காசு வாங்காமல் மறுபடி எடுத்தேன். என்னிடம் ஒரு ரிப்பன் மைக் இருந்தது. முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டிலும் மேலேயும் கீழேயும் செவிடு. வில் அண்ணாவிக்கு முன்னால் குறுக்கே கிடக்கிறது இல்லையா? அதற்கு நேர் மேலே, வாய் உயரத்தில் மைக்கைத் தொங்கவிட்டு அவர் முகத்தைப் பார்க்கத் திருப்பினேன். இந்த நுனி முதல் அந்த நுனி வரை வில் மொத்தமும் செவிட்டுப் பக்கத்துக்குள் வந்துவிட்டது. மைக்கின் முதுகுக்கு ஒரு இலவம்பஞ்சு மெத்தை. மணிக்குத் தனி மைக், கொஞ்சம் தள்ளி. வேண்டும்போது மணியை ஏற்றலாம், இறக்கலாம்.

சனிக்கிழமை படிக்க வரும் பிள்ளைகளை முதல் மாசம் கம்ப்யூட்டரைத் தொட விடுவதில்லை. ஒரு மைக், ஒரு உடுக்கு. ஒருவன் தட்ட, இன்னொருவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுற்றி நடக்கவேண்டும். ஓசை எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே ஸ்டாண்டை நடு. மைக்குக்கு ஒற்றைக் காதுதானே. “சாரே, யூட்யூப்ல வேற மாதிரி சொல்றாங்களே” என்று ஒருவனாவது ஆரம்பிப்பான். அடுத்த கேள்வி கட்டாயம், சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்குமா என்பது. அதை ஒட்டினால் உள்ளே கீச்சு எதிரொலி கொஞ்சம் குறையும், பக்கத்து வீட்டுச் சேவல் நிற்காது. சேவலுக்குக் கனமான சுவர்தான் மருந்து. அப்பாவின் வெட்டுக்கல் சுவரே முக்கால்வாசி சேவல்களைத்தான் தடுக்கிறது.

குடம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வாயில் மட்டை விழுந்ததும் காற்று பீறிட்டு மைக்கை அடிக்கிறது. தள்ளி வைத்தாலோ அந்த அடிவயிற்றுத் ‘தும்’ போய்விடுகிறது. போன வாரம் ஒரு பிள்ளை மைக்கைக் குடத்தின் பக்கவாட்டில், தரையோடு தரையாக வைத்துப் பார்த்தாள். மோசமில்லை. இந்தச் சனிக்கிழமை குடக்காரரை அனுப்புவதாக அண்ணாவி சொல்லியிருக்கிறார். குடக்காரரே கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.