மோர் கொடுத்தது

புழல் சிறையில் மனநல ஆலோசகராக வேலை பார்த்த நாட்களில் வினைமுற்றுகளைக் கவனிக்கப் பழகினேன். ‘கொன்றேன்’ என்று சொன்னவர்கள் மிகச் சிலர். ‘நடந்துவிட்டது’, ‘கை பட்டுவிட்டது’, ‘அன்றைக்கு நேரம் சரியில்லை’ என்றுதான் பெரும்பாலும் பேச்சு வரும்.

ஆத்திரத்தில் ஒரு முறை கத்தியை எடுத்தவர் சாக்குப்போக்கைப் பிறகுதான் தேடுவார். சொல்லும்போதே தடுமாறுவார், அழுவார். அடுத்தடுத்துக் கொன்றவரிடம் அந்தத் தடுமாற்றம் இல்லை. முதல் கொலைக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் அடுத்ததற்கு முன்பே தயாராக இருக்கிறது. இளம் குற்றவாளிகளைப் பற்றி 1957இல் எழுதிய சைக்ஸ், மாட்சா என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இதைத்தான் சொன்னார்கள்: நியாயம் கற்பிப்பது குற்றத்துக்குப் பின் மட்டும் வருவதல்ல, முன்னால் வந்து கதவைத் திறந்துவிடுவதும் அதுதான். நான் பொறுப்பில்லை, யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, அவர்களுக்கு அது வேண்டியதுதான் என்று அவர்கள் வகைப்படுத்தியவற்றை எல்லாம் நான் தமிழிலேயே கேட்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் 48 கொலைகளை 2003இல் ஒப்புக்கொண்ட கேரி ரிட்ஜ்வே, பாலியல் தொழில் செய்த பெண்களைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அவர்கள் காணாமல் போனால் யாரும் உடனே புகார் தரமாட்டார்கள் என்பது. கணக்கில் வராதவர்கள் என்று முதலில் முடிவு கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரிலும் பாருங்கள். திருவான்மியூர் என்றதும் 1995இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கரின் பெயர் நினைவுக்கு வருகிறது. அந்த வழக்கில் இறந்த ஆறு பேரில் ஒருவர் பெயரையாவது சொல்ல முடிகிறதா? எனக்கும் முடியவில்லை. அது என்னை உறுத்துகிறது.

என்னிடம் வந்தவர்களில் ஒருவர் குழாய் பழுது பார்க்கிறவர். தனியாக வசித்த மூன்று மூதாட்டிகளை நகைக்காகக் கொன்றவர். ஆதாயக் கொலை என்று காவல்துறை எழுதும். “அதற்கு வயதாகிவிட்டது மேடம். பிள்ளைகளே வந்து பார்ப்பதில்லை. இன்னும் எத்தனை நாள் இருந்திருக்கும்?” என்றார். குரலில் கோபமில்லை, எனக்குப் புரியவைக்கும் பொறுமை இருந்தது. மூவரையும் ‘அது’ என்றே சொன்னார். ‘கதவைத் திறந்தது’, ‘மோர் கொடுத்தது’. ஒரு மனுஷியை அஃறிணையாக்கிய பிறகு கழுத்துச் சங்கிலி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும் போலிருக்கிறது.

நான் வாதாடவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த மோரைப் பற்றியே கேட்டேன். எந்தத் தம்ளர், எங்கே உட்கார்ந்து குடித்தீர்கள், என்ன பேசினார்கள்? முதலில் எரிச்சல்பட்டார். ஏழாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, பாய் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: “உப்பு அதிகம் என்றேன். உள்ளே போய்த் தண்ணீர் கலந்து எடுத்து வந்தார்கள்.”

வந்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகு அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.