ரவைக்கு அடியில் ரவை

"ஆன்ட்டி, முப்பத்தாறு வாங்கட்டுமா, நாற்பத்துநாலு வாங்கட்டுமா?"

தோழியின் மகன் இப்படிக் கேட்டபோது அவன் அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். "நாற்பத்துநாலா? உன் இடுப்பே முப்பத்திரண்டுதானே" என்றாள். அவள் பேன்ட் கணக்கில் இருந்தாள். அவன் கேட்டது ரிவால்வரின் கேலிபர், அதாவது குழல் துளையின் அளவு.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நான் சுடுவது கருமருந்து ரிவால்வர். தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்தி இறக்க வேண்டும். பின்பக்க நிப்பிளில் சிறு செப்புக் கேப்பை மாட்டினால்தான் வெடிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துச் சங்கதி. நாங்கள் வைத்திருப்பது அவற்றின் இத்தாலிய நகல்கள். நான் இருப்பது அமெரிக்காவின் இந்தியானாவில், கொலம்பஸ் என்ற ஊரில். வேலை மருந்துக்கடையில், ஃபார்மசிஸ்ட். இந்த வியாதியை ஒன்பது வருடம் முன்பு தொற்ற வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஒரு மணி நேர ஓட்டத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூர் இருக்கிறது. குழலின் வாய் வழியே மருந்து நிரப்பும் துப்பாக்கிகளுக்காக 1933-ல் தொடங்கிய தேசிய முன்வாய்த் துப்பாக்கிச் சங்கத்தின் வால்டர் கிளைன் சுடுதளம் அங்கேதான். இவ்வளவு பக்கத்தில் கோயிலை வைத்துக்கொண்டு கும்பிடாமல் இருக்க முடியுமா?

சரி, பையனின் கேள்வி. நானும் அதே கேள்வியோடுதான் ஆரம்பித்தேன், அதற்குத் தப்பான பதிலையும் வாங்கினேன். விலை குறைவு, மஞ்சளாகப் பளபளக்கிறது என்று பித்தளைச் சட்டகம் போட்ட "1851 நேவி" ஒன்று, .44-ல். வீட்டுக்கு வந்த பிறகு பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது, இப்படி ஒன்று அந்தக் காலத்தில் இல்லவே இல்லை" என்றார். கோல்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் 1851 நேவி என்றால் .36. .44 வேண்டுமென்றால் அது 1860 ஆர்மி. அசலுக்கு உண்மையான நகல் மட்டும்தான் என்று விதி வைத்திருக்கும் போட்டிகளில் என் மஞ்சள் அழகிக்கு இடமில்லை. பித்தளை மென்மை. நாற்பத்துநாலுக்கு நிறைய மருந்து போட்டுச் சுட்டுக்கொண்டே போனால் சட்டகம் மெல்ல விட்டுக்கொடுத்து, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும். இப்போது அது சுவரில் மாட்டியிருக்கிறது.

இந்த எண்களே ஒரு தமாஷ். .36 என்பது அங்குலக் கணக்கு, ஆனால் அதில் போடும் குண்டு .375 அங்குலம். .44-ல் போவது .451 அல்லது .454. அறையின் வாயைவிடக் குண்டு ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். அழுத்தி இறக்கும்போது விளிம்பில் ஈயம் மெல்லிய வளையமாகச் சீவி வெளியே வரும். அந்த வளையம் முழுசாக வந்தால் குண்டு அறையை நன்றாக அடைத்துவிட்டது என்று நம்பலாம். பாதி வளையம் வந்தால் எனக்குத் தூக்கம் வராது.

எடையைப் பாருங்கள். .36 குண்டு சுமார் 80 கிரெய்ன், அதாவது ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் மேல். .44 குண்டு 138 கிரெய்ன், ஏறக்குறைய ஒன்பது கிராம். ஒரு சவரனுக்கும் மேலே! கிரெய்ன் எனக்குப் பழகிய அளவு. நாங்கள் தினம் எடுத்துக் கொடுக்கும் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் என்பதே பழைய கணக்கில் 5 கிரெய்ன் மாத்திரைதான். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஆக, ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கி வார்த்தால் முப்பத்தாறுக்கு 87 குண்டு கிடைக்கும், நாற்பத்துநாலுக்கு 50. மருந்தும் அப்படியே. குறி சுடுவதற்கு நான் .36-ல் 15 கிரெய்ன் போடுகிறேன், .44-ல் 22. முதலாவதில் ஒரு பவுண்டு மருந்து 460 சுடுகளைத் தாண்டும், இரண்டாவதில் 318. வாரா வாரம் சுடுகிறவளுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

இந்த 15, 22 எல்லாம் அறையின் கொள்ளளவை விடக் குறைவு. அங்கேதான் ரவை வருகிறது. ஆமாம், உப்புமா ரவை. மருந்து குறைவாக இருந்தால் குண்டு அறைக்குள் ஆழத்தில் போய் உட்கார வேண்டும். சில துப்பாக்கிகளில் நெம்புகோல் அவ்வளவு தூரம் எட்டாது. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்று இடைவெளி விடுவது ஆபத்து. எட்டினாலும், அறையின் அடியிலிருந்து குழலின் வாய்வரை குண்டு தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும், குறி சிதறும். அதனால் மருந்தின் மேல் ஒரு கரண்டி ரவை, அதன் மேல் குண்டு, வாயில் கிரீஸ். குண்டு அறையின் வாய் அருகிலேயே நிற்கும். அமெரிக்கர்கள் இதற்குச் சோள மாவும் கிரீம் ஆஃப் வீட்டும் போடுகிறார்கள். நான் இந்தியக் கடையில் வாங்கும் நைஸ் ரவை போடுகிறேன். ஊர்ச் செய்தித்தாளில் "துப்பாக்கி ரவைகள் பறிமுதல்" என்று படித்து வளர்ந்தவளுக்கு, ரவைக்கு அடியில் ரவை வைப்பது முதல் நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. வறுக்க வேண்டாமா என்று கேட்டார் என் கணவர். வேண்டாம், ஈரமில்லாமல் இருந்தால் போதும்.

இத்தனை குறைந்த மருந்தில் உதைப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது, இரண்டிலும்தான். கனமான இரும்பு, மெதுவான தள்ளல். ஆனால் ஐம்பது, அறுபது சுட்ட பிறகு என் வலது மணிக்கட்டுக்கு வித்தியாசம் தெரியும். நாற்பத்துநாலு சுட்ட நாள் சாயங்காலம் தோசைக் கரண்டியை இடது கைக்கு மாற்றுவேன்.

இதுவரை படித்தால் முப்பத்தாறே ஜெயித்தது போல இருக்கும். எனக்குப் புள்ளி கூடுதலாக வருவது என்னவோ நாற்பத்துநாலில்தான். காரணம் கேலிபர் இல்லை, என் கண்.

என் .36 கோல்ட் நேவி. இந்தக் கோல்ட் ரிவால்வர்களுக்குச் சிலிண்டருக்கு மேலே ஓடும் மேல்பட்டை கிடையாது, திறந்த முதுகு. குறிபார்க்க உதவும் பின் குறி எங்கே இருக்கிறது தெரியுமா? சுத்தியலின் மூக்கில் வெட்டிய ஒரு சிறு பள்ளம். சுத்தியலை இழுத்தால்தான் கண்ணுக்கே தெரியும். முன் குறி ஒரு பித்தளை மணி. அமெரிக்க மேற்கின் பேர்போன துப்பாக்கிக்காரர் வைல்ட் பில் ஹிக்காக் 1865 ஜூலை 21 அன்று மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் சுமார் 75 கஜத்தில் ஒருவரைச் சுட்டு வீழ்த்தினாரே, அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது இந்த நேவிதான். அவருக்கு அப்போது வயது 28. எனக்கு 51, வெள்ளெழுத்து வந்தாயிற்று. பள்ளமும் மணியும் சேர்ந்து ஒரு மஞ்சள் மேகமாகத்தான் தெரிகின்றன. போதாக்குறைக்கு இந்தக் கோல்ட்கள் கிட்டத்துக் குறிக்கு மேலே சுடும். 25 கஜத்தில் என்னுடையது கிட்டத்தட்ட ஒரு சாண் மேலே போகிறது. முன் குறியை உயரமாக்கினால் சரியாகும். நான் சோம்பேறி, தாளின் அடிவிளிம்பைக் குறிவைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சுடும் .44, ரெமிங்டன் என்ற இன்னொரு கம்பெனியின் மாதிரி. குழலில் 1858 காப்புரிமைத் தேதி பொறித்திருப்பதால் எல்லோரும் 1858 என்கிறார்கள், அந்தப் புது மாதிரி ஆர்மி உண்மையில் போர்க்காலத் தயாரிப்பு. இதற்கு மேல்பட்டை உண்டு, அதில் நீளமாக ஒரு வாய்க்கால். முன்னால் தகடு. வாய்க்காலில் தகடு நிற்பது என் கண்ணுக்குக்கூடத் தெரிகிறது. 25 கஜத்தில் பத்து குண்டுக்கு நேவியில் நான் எடுத்த அதிகபட்சம் 81. ரெமிங்டனில் 88. ஓட்டை பெரிது, தாளில் இருக்கும் வளையக் கோட்டைத் தொட்டுவிட்டால் மேல் புள்ளி என்று சிலர் நாற்பத்துநாலுக்குப் பரிந்து பேசுவார்கள். கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் லாபம். எனக்கு அதனால் கிடைத்தது மொத்தம் இரண்டு புள்ளி இருக்கலாம். 50 கஜத்தில் மட்டும் கனமான குண்டுக்கு உண்மையான மரியாதை உண்டு. காற்றடித்தால் சின்னக் குண்டு ஒதுங்கிப் போவது தாளில் தெரிகிறது.

ரெமிங்டனுக்கும் முரண்டு உண்டு. கருமருந்துக் கரி சிலிண்டர் ஊசியில் ஏறி, மூன்றாவது நான்காவது சுற்றிலேயே சிலிண்டர் சுழல மறுக்கும். துடைத்து எண்ணெய் விட வேண்டும். கோல்டின் அச்சு தடிமன், கிரீஸ் தாங்கும், ரொம்ப நேரம் ஓடும். ஆனால் வெடித்த கேப்பின் துண்டு சுத்தியலுக்கு அடியில் விழுந்து சிக்குவது கோல்டின் குலத்தொழில். குழலை மேலே தூக்கிச் சுத்தியலை இழுத்தால் துண்டு வெளியே விழும். சுட்டதும் சுடுநீரும் சோப்பும் போட்டுக் கழுவுவது இரண்டுக்கும் பொது. ஒரு தடவை "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிட்டேன். காலையில் சிலிண்டர் காவி கட்டியிருந்தது.

பையனிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு விஷயம். எதை வாங்கினாலும் முதலில் காலிப்பர் என்ற அளவுக் கருவியை எடுத்து அறையின் வாயையும், குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளத்தையும் அள. என் ரெமிங்டனில் அறை .446, குழலின் பள்ளம் .452. அதாவது அறையிலேயே குண்டு இளைத்துவிடுகிறது, அப்புறம் குழலை எப்படிப் பிடிக்கும்? ஆறு அறைகளையும் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துச் சீராக அகலப்படுத்தி வாங்கினேன். அதற்கு முன் என் 88 வெறும் 79. இரண்டு கேலிபருக்கும் நடுவே இருப்பதாக நான் நினைத்திருந்த வித்தியாசத்தைவிட இந்த ஆறாயிரத்தில் ஒரு... இல்லை, ஆயிரத்தில் ஆறு அங்குலம் பெரிது.

போன சனிக்கிழமை அவனைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டையும் கொடுத்தேன். சுடும் கோட்டில் நின்று, குழல் இலக்கைப் பார்த்திருக்கும்போதுதான் கேப் மாட்ட வேண்டும் என்பதை நான்கு தடவை சொன்னேன், ஐந்தாவது தடவை அவனே சொன்னான். ரெமிங்டன் அவனுக்குப் பிடிக்கவில்லை. கை பெரிது, விசைக் காப்பின் பின்பக்கம் நடுவிரலில் இடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு மேகமாகத் தெரியும் நேவியின் குறி அவனுக்குக் கண்ணாடியாகத் தெரிந்தது. ஐந்து குண்டு, ஒரு கை அகலத்துக்குள், எல்லாம் தாளின் மேல் விளிம்பில். எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

"அப்போ முப்பத்தாறுதானே?" என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கோட்டில் ஒருவர் 1860 ஆர்மியில் முழு மருந்து போட்டுச் சுட்டார். தீபாவளி விடிகாலைத் தெரு மாதிரி வெள்ளைப் புகை எங்களைக் கடந்து போனது. பையன் திரும்பி அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. 1860-ன் பிடி நேவியைவிட நீளம், அவன் கைக்குப் பொருந்தும், குறி அதே கோல்ட் குறி, அவன் கண்ணுக்குப் பிரச்சினை இல்லை. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவன் அதையெல்லாம் யோசிக்கவில்லை, புகையைத்தான் பார்த்தான்.

நாற்பத்துநாலு ஆர்டர் போட்டாயிற்று. அவன் அம்மா நேற்று போன் செய்தாள், வீட்டில் ரவை டப்பாவைக் காணோமாம்.